பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீரா, கஞ்சில், கெலிசா, பழைய மைவி கார்கள் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தோட்டத்து மக்களுக்கு இவைதான் கதி. காலையில் சாவியைத் திருப்பியதும் ‘டக்’கென்ற சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டால், அடுத்த நிமிடமே பேட்டரிக் கடைக்குப் போன் பறக்கிறது. புதுப் பேட்டரி வந்து சில நாளில் மறுபடியும் அதே ‘டக்’. பழுது வேறெங்கோ இருக்க, பணம் மட்டும் பேட்டரிக்குப் போகிறது.

மின்சாரத்தை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பாதி சந்தேகம் வீட்டிலேயே தீரும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடாமல் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே நின்றால், ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ பாருங்கள். 15ஐத் தாண்டினால் அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அது புதுப் பேட்டரியையும் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே சரிந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. அதுவும் அது முழு சார்ஜில் இருந்தால்.

பேட்டரி 12.6 காட்டியும் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறதா? பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் வயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5ஐத் தாண்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. செம்மண் சாலைக் குலுக்கலில் இது சர்வசாதாரணம். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூஞ்சணத்தைச் சமையல் சோடா கலந்த சுடுநீரால் கழுவி, காயவிட்டு, 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முறுக்கினால் பல வண்டிகள் உடனே கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

இரண்டு நாள் நிறுத்தினால் செத்துப்போகிற வண்டியின் கதை வேறு. எங்கோ மின்சாரம் கசிகிறது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து முனைக்கும் வயருக்கும் இடையில் இணையுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். பிறகும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கசிவு உறுதி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க, எதை எடுத்ததும் எண் சரிகிறதோ அந்தப் பாதையில்தான் பழுது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் கருகிவிடும். கஞ்சிலில் இருப்பது 35 ஆம்பியர்-மணி அளவுள்ள சின்னப் பேட்டரி. 400 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 10 ஆம்பியர்-மணி போய்விடும். இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி. கசிவை அடைக்காமல் பேட்டரி மாற்றுவது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கசிவுக்கு வழக்கமான காரணங்கள்: பின்புறச் சாமான் பெட்டியில் அணையாத விளக்கு, பியூஸ் பெட்டியைத் தாண்டி இழுத்த ரேடியோ வயர், செம்பனை ஓரம் நிறுத்திய வண்டியில் எலி கடித்த வயர், கதவுத் தூணில் இருக்கும் ரப்பர் சுவிட்ச். கடைசியாகச் சொன்னது கெட்டால் கதவு மூடியிருந்தும் திறந்திருப்பதாகவே வண்டி நினைக்கும். பியூஸ் எரிந்தால் அதே அளவில்தான் போட வேண்டும். 10க்குச் சிவப்பு, 15க்கு நீலம், 20க்கு மஞ்சள். எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பவர்கள் வண்டிக்குத் தீ வைக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

கதவு பூட்டிக்கொண்டு படுத்தும் தொல்லைக்கும் இதே பழுதுகள்தான் பெரும்பாலும் வேர். கடையில் மாட்டிய அலாரம் பலவற்றில், ரிமோட்டால் திறந்துவிட்டு அரை நிமிடத்துக்குள் கதவைத் திறக்காவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கதவு சுவிட்ச் முன்பு சொன்னதற்கு நேர்மாறாக, கதவு எப்போதும் மூடியிருப்பதாகக் காட்டும்படி கெட்டிருந்தால், நீங்கள் கதவைத் திறந்து சாவியை இருக்கையில் போட்டதை அலாரம் அறியாது. அரை நிமிடத்தில் பூட்டிவிடும். பேட்டரி வயரை மறுபடி மாட்டும்போதும் சில வண்டிகள் பூட்டிக்கொள்ளும். ஆகவே பானெட்டைத் திறந்து வேலை செய்கையில் சாவி சட்டைப்பையில் இருக்கட்டும், ஒரு கண்ணாடி இறங்கியிருக்கட்டும்.

பேட்டரி செத்த நேரத்தில் ரிமோட் உதவாது; ஓட்டுநர் கதவின் சாவித் துவாரம்தான் கைகொடுக்கும். பானெட் கைப்பிடி உள்ளே இருப்பதால் கதவு திறந்தால்தான் பேட்டரியையே தொட முடியும். ஆண்டுக்கணக்கில் சாவி நுழையாத துவாரம் இறுகிவிடும். மாதம் ஒருமுறை சாவியால் திறந்து மூடுங்கள். எண்ணெய் வேண்டாம், கிராஃபைட் தூள் போதும். சாவி சுற்றுகிறது, பூட்டின் குமிழ் எழவில்லை என்றால் கதவுக்குள் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். மலிவான சாமான்தான். ஒரு கதவு மட்டும் ரிமோட்டுக்கு அசையவில்லையா, அந்தக் கதவின் மோட்டாரையோ கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் அறுந்த வயரையோ தேடுங்கள். எல்லாக் கதவும் அசையவில்லை என்றால் ஓட்டுநர் கதவிலிருந்து தொடங்குங்கள்.

கண்ணாடி ரப்பருக்குள் இரும்புத் தகட்டை விட்டுத் துழாவாதீர்கள், வயரும் கம்பியும் சேர்ந்து போகும். உள்ளே குழந்தை சிக்கியிருந்தால் இந்த யோசனை எதுவும் வேண்டாம். 999ஐ அழைத்து, குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை உடனே உடையுங்கள். முன் கண்ணாடி உடைந்தாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேட்டரி விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை: நின்ற நிலையில், ஸ்டார்ட்டில், ஓட்டத்தில் என மூன்று வோல்ட் அளவுகளையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். பழைய கார் விற்பவர்கள் இரண்டு சாவிகளையும், அலாரத்தை நிறுத்தும் மறைவுச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வாகன வயரிங் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்