ஜிம்மில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முறையான வழிகாட்டல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் சுற்றுப்புறங்களிலும் உடற்பயிற்சி நிலையங்களை நாடும் இளைஞர்கள் பெருகிவருவது நல்லதே. ஆயினும், உடல் இளைக்க வேண்டுமென்று சேர்பவரை முதல் நாளே பாரமான எடைகளைத் தூக்கவைத்து, மறுநாள் படியிறங்கக்கூட முடியாமல் தவிக்கவிடும் போக்கைச் சில இடங்களில் காண முடிகிறது. குந்தி எழுவதையும் முதுகை வளைக்காமல் எடை தூக்குவதையும் முதலில் பழக்கி, பிறகு பாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதே முறை.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சியுமே. முன்னதைக் கல்லடிப் பக்கம் விறுவிறுப்பாக நடந்தே, காசு செலவின்றி நிறைவேற்றலாம். வாவி மீனும் பருப்பும் முட்டையும் கிடைக்கும் ஊரில், தொடக்கத்திலேயே விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் எதற்கு? இரவுச் சோற்றையும் சீனி போட்ட தேநீரையும் குறைத்தாலே இடுப்பளவில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

சேர்க்கும்போதே இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் பற்றி விசாரிப்பதையும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை வைத்திருப்பதையும் இந்நிலையங்களுக்குக் கட்டாயமாக்க உள்ளூராட்சி சபைகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.