வாடிக்கையாளர் வேறு நாட்டில் தெரிகிறாரா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது.

சரி, உன் கவலைக்கு வருகிறேன். உன் இணையச் சேவைக்குப் புதிதாக வாங்கிய ஐபி தொகுதியை (இணைய இணைப்புகளை அடையாளம் காட்டும் முகவரி எண்களின் தொகுப்பை) பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு வேறு நாட்டு மொழியில் பக்கங்கள் திறக்கின்றன, வீடியோ தளங்கள் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்கின்றன என்று எழுதியிருந்தாய். மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி அவர்களை அலைக்கழிக்காதே. கோளாறு அவர்கள் வீட்டில் இல்லை. ஐபி எண்ணுக்குள் ஊர் என்று எதுவும் கிடையாது. மேக்ஸ்மைண்ட், ஐபி2லொகேஷன் போன்ற நிறுவனங்கள் ஊகித்துத் தங்கள் தரவுத்தளத்தில் எழுதி வைப்பதுதான். 2011 பிப்ரவரியில், உலக அளவில் ஐபி எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஐயானாவிடம் இருந்த ஐபிவி4 (பழைய வகை ஐபி எண்) கையிருப்பு தீர்ந்தபின் தொகுதிகள் கைமாறுவது சகஜமாகிவிட்டது. உன் தொகுதிக்குப் பழைய உரிமையாளரின் நாடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஐபி எண்களை ஒதுக்கும் வட்டாரப் பதிவகத்தின் ஹூஈஸ் பதிவில் (எந்தத் தொகுதி யாருடையது என்ற பொதுப் பட்டியலில்) நாடு சரியா என்று பார். அப்புறம் ஒரு ஜியோஃபீட் கோப்பு, அதாவது எந்த ஐபி தொகுதி எந்த ஊரில் இருக்கிறது என்று நீயே சொல்லும் பட்டியல், வெளியிடு. ஆர்எஃப்சி 8805 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்லும் வடிவம் எளிது: ஒரு வரியில் ஐபி தொகுதி, நாட்டுக் குறியீடு, மாநிலம், நகரம், நடுவில் காற்புள்ளி. அதன் இணைய முகவரியைப் பதிவக விவரத்திலும் சேர்த்துவிடு. ஆர்எஃப்சி 9632 அதற்கு வழி சொல்கிறது. அதோடு தரவுத்தள நிறுவனங்களின் திருத்தப் படிவங்களையும் நிரப்பு. ஒவ்வொரு தளமும் வேறு வேறு தரவுத்தளத்தை நம்புவதால், புகார் வரும்போது எந்தத் தளம், ஐபிவி4-ஆ, புதிய வகையான ஐபிவி6-ஆ என்று கேட்டுக் குறித்துக்கொள். திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில வாரங்கள்கூட ஆகலாம்; அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சிஜிநாட் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) வைத்திருக்கிறாய் அல்லவா? ஒரே பொது முகவரிகளைப் பல நகரங்களுக்குப் பகிர்ந்தால் நகரம் ஒருநாளும் சரியாக வராது. நகரவாரியாகப் பிரித்துக் கொடு. நாடு சரியான பிறகும் ஒரு தளம் தடுத்தால், பழைய உரிமையாளர் காலத்தில் அந்த முகவரிகள் விபிஎன் (பயனரின் உண்மையான இடத்தை மறைக்கும் சேவை) பட்டியலில் ஏறியிருக்கக்கூடும். அது தனிப் புகார். அந்தத் தளத்திடமே கேட்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. இடம் தெரியாத அமெரிக்க முகவரிகளை நாட்டின் நடுப்புள்ளி என்று மேக்ஸ்மைண்ட் குறித்து வைத்ததால், கான்சாஸில் ஒரு பண்ணை வீட்டின்மேல் 60 கோடி முகவரிகள் விழுந்தன. யாரோ செய்த மோசடிக்கு அந்த வீட்டுக்காரர்களைத் தேடிப் போலீஸ் வந்தது. 2016இல் செய்தி வெளியான பிறகுதான் அந்தப் புள்ளியை மாற்றினார்கள்.

ஜியோஃபீட் கோப்பை வெளியிடும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி