நகராட்சி ஆணையருக்கு: அந்தச் சாய்தளத்தின் டைல்ஸை மாற்றித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலைய நுழைவாயிலில் உள்ள சாய்தளத்தைப் பற்றித் தங்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. அங்குள்ள வழவழப்பான டைல்ஸ் ஒரு தூறலுக்கே வழுக்குகிறது என்று வியாபாரிகள் கொடுத்த மனுக்கள் தங்கள் அலுவலகத்தில்தான் கிடக்கின்றன. சென்ற வார மழையில், வாசலில் பூ விற்கும் அம்மா அதே இடத்தில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதால் இம்மடலை எழுதுகிறேன்.

விழுகிறவர் எவரும் தம்மையறியாமல் கையை ஊன்றுவார். உடலின் பாரம் உள்ளங்கை வழியாக ஏறி, மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் முனையைத் தாக்கும். 1814-இல் அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்த இந்த முறிவு, மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழந்த பெண்களுக்கு, நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே நேர்ந்துவிடுகிறது.

வீக்கம் ஏறியதால் அந்தப் பூக்கார அம்மாவின் வளையல்களை வெட்டியெடுத்துத்தான் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு ஆறு வாரம் இருக்குமாம். ஆனால் கட்டைப் பிரித்த மறுநாளே கை பழையபடி ஆகிவிடாது. விரல்கள் விறைத்திருக்கும், பிடி தளர்ந்திருக்கும், மடக்கி நீட்டும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். நாரைச் சுண்டி முடிச்சிட்டு முழம் முழமாகத் தொடுப்பவருக்கு விரல்கள்தாம் முதலீடு. இப்போது மகள் பள்ளிக்குப் போகுமுன் தொடுத்துக் கொடுப்பதை, இடக்கையால் தட்டுத்தடுமாறி அளந்து விற்கிறார். அளவு குறைகிறது என்று வாங்குபவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

இதன்பின் 'கவனம், வழுக்கும்' என்றொரு பலகை வைத்தீர்கள். வழுக்கும் என்பதை நகராட்சியே எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மருத்துவமனைத் தாழ்வாரம் முதல் தாலுகா அலுவலகப் படிவரை, பொதுக் கட்டடம் என்றாலே முகம் பார்க்கும் அளவுக்கு மின்ன வேண்டும் என்று யார்தான் முடிவு செய்தார்களோ! திறப்பு விழாப் படங்களில் அழகாகத்தான் இருக்கிறது. மழை நாளில் அதன்மேல் நடப்பவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. கோபத்தில் பேச்சை விட்டு விலகிச் சென்றுவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த டைல்ஸை அகற்றிவிட்டுச் சொரசொரப்பான கல் பதித்துத் தாருங்கள். நடைபாதைத் தளம் வழுக்காததாக இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) பாதசாரி வசதிகளுக்கான 103-ஆம் எண் வழிகாட்டி நெறிமுறை ஏற்கெனவே கூறுவதால், இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. கூடவே இருபுறமும் கைப்பிடி அமைத்து, கூரைத் தண்ணீர் சாய்தளத்தில் கொட்டாதபடி குழாயைத் திருப்பிவிடவும் வேண்டுகிறேன். வேலை முடியும்வரை வழுக்காத பட்டைகளையாவது ஒட்டலாம். அதற்கு ஒப்பந்தப்புள்ளி தேவைப்படாது என்று நம்புகிறேன்.

டைல்ஸ் மாற்றும் பணி தொடங்கும் தேதியை அந்த எச்சரிக்கைப் பலகையின் பக்கத்திலேயே அறிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தினமும் அவ்வழியே நடக்கும் பயணி ஒருவர்