பழைய காருக்கு உதிரிபாகம் தேடுவோர் இன்ஜின் எண்ணைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழங்காலக் கார்களின் அணிவகுப்பு நடக்கும்போதெல்லாம் நாளிதழ்களில் வரும் செய்திகளில், 'இவற்றுக்கு உதிரிபாகங்கள் கிடைப்பதில்லை' என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 1960, 70-களில் வந்த சொகுசுக் கார்கள் பலவற்றுக்கு, குறிப்பாக எங்கள் வீட்டில் இருக்கும் மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி போன்ற டீசல் வண்டிகளுக்கு, இன்ஜின் பாகங்கள் இன்றும் கிடைக்கத்தான் செய்கின்றன. எந்தப் பாகம் எந்த இன்ஜினுக்கு உரியது என்று தெரிந்து கேட்பவர்களும், தெரிந்து எடுத்துக் கொடுப்பவர்களும்தான் அருகிவிட்டார்கள்.

டபிள்யூ 115 என்று அழைக்கப்படும் இந்த வரிசை 1968-இல் வெளிவந்தது; 1976-இல் டபிள்யூ 123 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஜெர்மனியில் இவற்றின் டீசல் வண்டிகள் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தன. நம் ஊரிலோ பங்களா வாசலில் நின்றன என்பது வேடிக்கைதான். தூதரகங்கள் பயன்படுத்திக் கழித்து விற்றவை, வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தவை என்று பல வழிகளில் வந்து சேர்ந்ததால், ஒரே தோற்றமுள்ள இரண்டு வண்டிகளின் பானெட்டுக்குள் ஒரே இன்ஜின் இருக்கும் என்று சொல்ல முடியாது. 220 டி-யில் இருப்பது ஓஎம் 615 இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 87 மில்லிமீட்டர். 240 டி-யில் இருப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓஎம் 616. விட்டம் 91 மில்லிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கும் சற்றுத் தயங்குவார்.

எங்கள் வண்டியின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதியை, இறக்கியபோது நேர்ந்ததைச் சொல்கிறேன். 'பழைய பென்ஸ் டீசல், நாலு சிலிண்டர்' என்று சொல்லி ஒரு கடையில் வாங்கிய ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் தகடு), பெட்டியைத் திறந்து பார்த்தபோது சரியானதாகவே தோன்றியது. நீர் செல்லும் துளைகளும் போல்ட் துளைகளும் பார்வைக்கு ஒத்துப்போயின. மெக்கானிக் அதைச் சுத்தம் செய்த ப்ளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்) மேல் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் விளிம்பிலும் விரலை வைத்துச் சுற்றிவர, கேஸ்கட்டின் உலோக வளையம் நான்கு சிலிண்டர்களிலும் துளைக்குள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அது 220 டி-க்கு உரியது. அவர் விரலால் தடவிப் பார்க்காமல் ஹெட்டை ஏற்றி முறுக்கியிருந்தால், சில நாட்களிலேயே வளையம் எரிந்து, அடுத்து ஹெட்டும் போயிருக்கும். கடைக்காரர் எங்களை ஏமாற்றவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது வண்டியின் பெயர், அவர் கொடுத்ததும் அந்தப் பெயருக்கு உரிய பொருள்தான்.

240 டி என்று சரியாகச் சொல்லிவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. 1978-இல் ஓஎம் 616-இன் சிலிண்டர் விட்டம் 91 மில்லிமீட்டரிலிருந்து 90.9-ஆகக் குறைக்கப்பட்டு, கொள்ளளவு 2,404 கன சென்டிமீட்டரிலிருந்து 2,399-ஆக மாறியது. பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடப்படும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான் என்பதால், முந்தைய ப்ளாக்கில் பிந்தைய பிஸ்டனைப் போட்டால் அது தட்டிக்கொண்டே ஓடும், ஆயில் குடிக்கும், புகை கக்கும். இரண்டின் பெட்டி மீதும் 240 டி என்றுதான் அச்சிட்டிருக்கும்.

டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்முன் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கிலும் இதே கதைதான். 1980 வாக்கில் மாற்றம் வரும்வரை இந்த இன்ஜின்களில் வளையக் கம்பி கொண்ட பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருந்தன. ஒன்று எரிந்து போனால் நான்குமே சூடாகாது. அதற்குப் பிந்தையவை பென்சில் வடிவத்தவை. ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் தனித்தனியே செல்லும். எரிந்துபோன பழைய பிளக் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிய வகை ஒன்றைப் போட்டுவிட்டு, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி நிற்கும்போது ஐடிலில் இன்ஜினின் வேகம் ஏறி இறங்கினால், டீசலைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பையே மாற்றச் சொல்பவர்களும் உண்டு. டபிள்யூ 115-இன் பம்பில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குள் ஒரு தோல் டயாஃப்ரம் (சவ்வு) இருக்கிறது. அது காய்ந்து விறைத்துப் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

இத்தனைக்கும் தீர்வு ப்ளாக்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும் இன்ஜின் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள்தான் இன்ஜினின் வகையைச் சொல்கின்றன. 616.916 என்றால் டபிள்யூ 115-இன் 240 டி, 616.912 என்றால் அதற்கு அடுத்த டபிள்யூ 123-க்கு உரியது. உதிரிபாகத்திற்கும் இதேபோல் பத்து இலக்க எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் முதன்முதலில் எந்த இன்ஜினுக்கோ வண்டிக்கோ வடிவமைக்கப்பட்டது என்பதையும், அடுத்த இரண்டு அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதையும் குறிக்கும்; 03 என்றால் கிராங்க், 05 என்றால் டைமிங், 20 என்றால் குளிர்விப்பு. எனவே 615 என்று தொடங்கும் பாகம் 616-க்கு ஆகாது என்று கடையில் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டியதில்லை. முந்தைய இன்ஜினுக்காக வடிவமைக்கப்பட்டு, மாறுதலின்றிப் பிந்தையதிலும் தொடர்ந்த பாகங்கள் இருக்கின்றன. வண்டி ஆலையை விட்டு வெளியேறியபோது அதில் எந்த இன்ஜின் இருந்தது என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உற்பத்தியாளரின் பழைய வண்டிகளுக்கான பிரிவிலிருந்து தரவு அட்டையாகவே பெறலாம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். இதே ஓஎம் 616 இன்ஜினை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது பஜாஜ் டெம்போ நிறுவனம். பின்னர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. டெம்போ டிராக்ஸ், டிராவலர் வண்டிகளில் ஓடியது பென்ஸின் ரத்தம்தான். பென்ஸ் உரிமையாளர்களில் சிலர் டெம்போ பாகம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அது வெறும் பகட்டு என்பது என் கருத்து. ஆனால் காயலான் கடையில் கிடைத்ததையெல்லாம் அப்படியே ஏற்றிவிடவும் முடியாது. அங்கே தயாரான இன்ஜின் காலப்போக்கில் மாறி, கொள்ளளவு 2.6 லிட்டர் வரை உயர்ந்துவிட்டது. அதன் கிராங்கும் பிஸ்டனும் நம் ப்ளாக்குக்கு எதற்கு? எண்ணைப் பார்த்து, மைக்ரோமீட்டரில் அளந்து, பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் முறை.

இது உரிமையாளரின் சொந்தக் கவலை மட்டுமன்று. இதில் சட்டமும் இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவத்தில் பராமரிக்கப்படும் கார் 'விண்டேஜ்' வாகனம் ஆகும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடையாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபதிவு செய்ய 5,000 ரூபாய். 1974-இல் பதிவான 240 டி ஒன்று இப்போது இந்தத் தகுதிக்குள் வந்துவிடுகிறது. இன்ஜினைப் பிரித்து, அதே அளவுள்ள பிஸ்டனும் பேரிங்கும் போட்டால் அது பராமரிப்பா, மாற்றமா? தேய்ந்த ப்ளாக்குக்குப் பதிலாக அதே வகை எண் கொண்ட இன்னொரு ப்ளாக்கை வைத்தால் என்ன? அதிகாரிக்கு அதிகாரி பதில் வேறுபடுவதாகப் பலர் சொல்கிறார்கள். உரிய வகை எண்ணுக்குப் பொருந்தும் பாகத்தைப் போடுவது பராமரிப்பே என்றும், தரவு அட்டையும் பாக எண் எழுதிய ரசீதும் அதற்குப் போதிய சான்று என்றும் போக்குவரத்துத் துறை தெளிவான சுற்றறிக்கை ஒன்றை வெளியிட வேண்டும். கடைக்காரர்களும் ரசீதில் 'பென்ஸ் ஸ்பேர்' என்று எழுதாமல், அந்த எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதோடு, பழைய ஆர்.சி. புத்தகங்களிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது நேர்ந்த பிழைகளைத் திருத்திக்கொள்ள எளிய வழி ஒன்றும் தேவை. எங்கள் வண்டியின் பதிவில் இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டுமே இருக்கின்றன. வகையைக் காட்டும் முதல் ஆறு இலக்கங்கள் விடுபட்டுவிட்டன. ப்ளாக்கில் இருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படியையும் தரவு அட்டையையும் இணைத்து விண்ணப்பித்தால், வண்டியை நேரில் பார்த்து அந்த ஆறு இலக்கங்களைச் சேர்த்துத் தர வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு அறிவுறுத்துமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்