வெயில் போவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாய். குழாய்ச் சத்தம் இங்கே கேட்கிறது. கடிதம் என்றால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

இந்தச் செப்டம்பர் கடைசியோடு உங்கள் நார்வே ஊர் ரியூகானில் வெயில் போய்விடும். மறுபடி மார்ச் மத்தியில்தான் எட்டிப் பார்க்கும். "அதெல்லாம் பழகிப்போச்சும்மா" என்று போன வாரம் சொன்னாய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது பிள்ளைக்கு நாற்பது நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாய். பச்சை உடம்புக்காரி, தூக்கமும் இல்லை, அதனால்தான் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனதும் நானும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் என்ன பிள்ளையா பெற்றேன்?

நார்வே என்றாலே குளிர்காலத்தில் சூரியன் உதிக்காது என்றுதான் எண்ணியிருந்தேன். மாப்பிள்ளைதான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். உதிக்காத ஊர்கள் இன்னும் வெகு வடக்கே இருக்கின்றனவாம். உங்கள் ஊரில் சூரியன் தினமும் உதிக்கத்தான் செய்கிறது. பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது. தெற்குப் பக்கம் மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. அதிலும் காவுஸ்தா சிகரம் 1,883 மீட்டர். ஊரோ கீழே முந்நூறு மீட்டர் உயரத்தில். குளிர்காலச் சூரியன் வானத்தில் தாழ்ந்தே நகர்வதால் அந்த மலையின் தலையைத் தாண்ட முடிவதில்லை. மேலே வானம் நீலமாக இருக்கும், எதிரே வடக்குச் சரிவின் உச்சியில் மஞ்சள் வெயில் அடிக்கும், நாம் அடியில் நீல நிழலில் நிற்போம். வெயிலே இல்லை என்றால்கூட மனசு ஆறிவிடும். பக்கத்து வீட்டு விருந்தை வேலி இடுக்கு வழியாகப் பார்ப்பது போல் அல்லவா இருந்தது!

இப்படி ஒரு குழியில் யார் ஊர் வைத்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. ஊரை அங்கே இழுத்து வந்தது அருவி. 104 மீட்டர் விழும் ரியூகான் அருவி. ரியூகான் என்றாலே புகைவது என்று அர்த்தமாமே. நம் ஒகேனக்கல்லுக்கும் புகையும் கல் என்றுதானே பொருள் சொல்வார்கள்! சாம் ஐடே என்ற பொறியாளர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார், மின்சாரமாகப் பார்த்தார். 1911-ல் வேமோர்க் மின்நிலையம் ஓட ஆரம்பித்தபோது உலகத்திலேயே பெரியது அதுதான். அந்த மின்சாரத்தை வில் மாதிரி எரியவிட்டு, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கினார்கள். காற்றிலிருந்து உரம் என்றதும் முதலில் மாப்பிள்ளை கதை விடுகிறார் என்றே நினைத்தேன். தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கே ஆலை, ஆலை எங்கேயோ அங்கே ஆட்கள். வெயிலைப் பற்றி அப்போது யார் கேட்டார்கள்? அதிகாரிகளின் வீடுகளை மட்டும் மேட்டில் கட்டிக்கொண்டார்கள், அதையும் கவனித்தேன்.

உரம் செய்வது நின்று நாளாகிவிட்டது. அருவித் தண்ணீரும் பெரும்பாலும் சுரங்கக் குழாய்க்குள் போய்விடுகிறது. ஊர் மட்டும் நிழலில் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் பிடித்தது கனநீர்க் கதை. கனநீர் என்றால் சாதாரணத் தண்ணீரைவிடக் கனமான ஒரு வகைத் தண்ணீர், உலகப் போரின்போது ஜெர்மன்காரர்களுக்கு அணு ஆராய்ச்சிக்கு அது வேண்டியிருந்ததாம். 1943 பிப்ரவரியில் சில நார்வே வாலிபர்கள் இரவில் பனிப்பள்ளத்தில் இறங்கி ஏறி, ஒரு குண்டுகூடச் சுடாமல், ஜெர்மன்காரர்கள் கைவசம் இருந்த வேமோர்க்கில் கனநீர்த் தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்த கதை. மூன்று தடவை சொன்னார். வீரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் மிச்சக் கனநீரை ஏற்றிய படகைத் தின் ஏரியில் மூழ்கடித்தபோது, அதில் பயணம் செய்த சாதாரண ஜனங்களும் செத்தார்கள். அதைக் கேட்ட பிறகு அந்த ஏரியோரமாகக் காரில் போகும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்தது.

சரி, வெயிலுக்கு வருகிறேன். 1913-லேயே ஒஸ்கார் கிட்டில்சென் என்ற கணக்கர் ஒருவர், மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலைக் கீழே திருப்பலாம் என்று பத்திரிகையில் எழுதினாராம். நடந்தது எப்போது? 2013-ல். நூறு வருஷம்! வடக்குச் சரிவில் மூன்று கண்ணாடிகள், ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர், சூரியன் நகர நகர அவையும் திரும்பிச் சதுக்கத்தில் ஒரு வட்டம் வெளிச்சம் போடுகின்றன. ஏறக்குறைய 600 சதுர மீட்டர், அதாவது மூன்று கிரவுண்டுகூடத் தேறாது. மேகம் மூடினால் அதுவும் கிடையாது. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வெறுங்கையோடு திரும்பினேன், ஐந்தாம் நாள் கிடைத்தது. பாட்டிமார் நாலு பேர் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். மொழி தேவைப்படவில்லை. அப்போதுதான் பார்த்தேன், என் நிழல் தெற்கே விழுந்திருந்தது. நடுப்பகலில், அந்த நாட்டில், தெற்கே! கண்ணாடி வடக்கே இருக்கிறது அல்லவா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் வந்து சொன்னபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கண்ணாடி வெயில் நல்லதுதான், ஆனால் கடன் வாங்கியது. நான் சொல்ல வந்தது ரோப் கார். 1928-ல் ஆலைக்காரர்களே, குளிர்காலத்தில் ஜனங்கள் மேலே போய் வெயில் காயட்டும் என்று கட்டிக்கொடுத்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருட்டில் வேலை வாங்கிய பிறகாவது தோன்றியதே! சிவப்புப் பெட்டி ஒன்று, நீலப் பெட்டி ஒன்று, இரண்டுக்கும் காட்டுப் பழங்களின் பெயர். ஐந்து நிமிஷத்தில் மேலே விட்டுவிடுகிறது. நான் போன அன்று கீழே எலும்பு வரை குளிர். மேலே இன்னும் மோசமாக இருக்கும் என்று இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன், ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. குளிர்ந்த காற்று கனம், சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் குளம் மாதிரி தேங்கிவிடுமாம். சூடாக்கிக் கிளப்ப அடியில் வெயிலும் இல்லை. அதனால் காற்று வீசாத நாட்களில் மேலேதான் கதகதப்பு. நீ அங்கே போய் மூன்று வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் எத்தனை தடவை மேலே போனாய்?

மார்ச்சில் வெயில் திரும்பிய அன்று ஊரே சதுக்கத்தில் கூடியது, பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். நீ மலையைப் பார்த்துக்கொண்டு அழுதாய். கேட்டதற்குக் கண் கூசுகிறது என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பழகிப்போனவளுக்குக் கண் அப்படிக் கூசாதுடி.

அதனால் நவம்பர் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. அக்டோபர் முதல் வாரத்திலேயே ஆரம்பி. சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவுதானே, கூட்டிப் போகச் சொல். அவர் கனநீர் என்று ஆரம்பித்தால் மேலே போய்ச் சொல்லுங்கள் என்று சொல். காற்று பலமாக இருந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன்னால் விசாரித்துக்கொள்.

இறங்கும்போது பிள்ளைக்குக் காது அடைக்கும். பெட்டி நகர ஆரம்பித்ததும் பால் கொடுத்துக்கொண்டே வா, அழமாட்டாள்.

அம்மா