பைலம் என்றால் பொதுப் பண்பு மட்டும்தானா?

உயிரியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். 'ஒத்த பண்புகளைக் கொண்ட வகுப்புகள் சேர்ந்தது தொகுதி.' உயிரினங்களை வகைப்படுத்தும்போது வகுப்புக்கு மேலே வரும் பைலம் (தமிழில் தொகுதி) என்னும் பிரிவுக்குப் பாடநூல்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் எதற்காகப் பிறந்ததோ அது இந்த வரியில் இல்லை.

உயிரினங்களை வகைப்படுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் வகுத்த படிநிலையில் பைலம் கிடையாது. 1812இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விலங்குகளை நான்கு பெருங்கிளைகளாகப் பிரித்தார். அவர் பார்த்தது உடலமைப்பை மட்டுமே. ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனம் தோன்றும் என்பதையே அவர் ஏற்கவில்லை. பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வந்து ஏழாண்டுகள் கழித்து, 1866இல், ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் 'பைலம்' என்ற சொல்லை உருவாக்கினார். குலம், இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்தவை என்பதுதான் அவர் சொல்ல வந்தது.  

பண்பை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் குவியேவே சாட்சி. உடல் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்திருப்பதால் நட்சத்திர மீனையும் ஜெல்லி மீனையும் ஒரே கிளையில் வைத்தார். உண்மையில் நட்சத்திர மீன் முதுகெலும்பிகளான நமக்கு நெருங்கிய உறவு. கருவில் முதலில் தோன்றும் துளை ஆசனவாயாக மாறுவது அதற்கும் நமக்கும் பொது. அதன் லார்வா (இளம் பருவ உயிரி) நம்மைப் போலவே இடமும் வலமும் ஒத்திருக்கும் இருபக்கச் சமச்சீர் கொண்டது. ஜெல்லி மீனோ வெகு தொலைவில் பிரிந்துபோன கிளை.

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளின் அருகே வாழும் இராட்சதக் குழாய்ப் புழுக்களையும் பாருங்கள். வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. இவ்வளவு விசித்திரமாக இருந்ததால் அவற்றைத் தனித் தொகுதியாகவே வைத்திருந்தார்கள். டிஎன்ஏ ஆய்வுகளுக்குப் பிறகு, மண்புழு இருக்கும் வளைதசைப் புழுக்களின் தொகுதிக்குள் வெறும் ஒரு குடும்பமாக அவை இடம்பெறுகின்றன.

எவ்வளவு பழைய கிளையைத் தொகுதி என்பது என்பதற்குத் திட்டமான அளவுகோல் இல்லைதான். விலங்குப் பெயரிடல் விதிநூலும் பெருங்குடும்பம் என்னும் பிரிவுக்கு மேலுள்ள, தொகுதி உட்பட்ட பிரிவுகளின் பெயர்களை அநேகமாக அறிஞர்களிடமே விட்டுவிடுகிறது. இதையும் மாணவர்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை.

அடுத்த பதிப்பில் 'பொது மூதாதையின் வழிவந்த' என்ற தொடரை அந்த வரியில் சேருங்கள். பயிற்சி வினாக்களில், 'தொகுதி என்றால் என்ன?' என்பதற்குப் பதிலாக, நட்சத்திர மீனும் ஜெல்லி மீனும் ஏன் ஒரே தொகுதியில் இல்லை என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் வாசகர் ஒருவர்