ஒரு மணிச் சங்கு

விவேக் நகர்,
பெங்களூரு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு என் சோம்பல் பாதிக் காரணம், பக்கத்து மனைக்காரர் மீதிப் பாதி.

நீ போன தடவை வந்தபோது பார்த்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே ஆபீஸ் கட்டடம் வரப்போகிறது, கீழே மூன்று அடுக்கு பார்க்கிங்கோடு. பன்னிரண்டு அடி தோண்டியதுமே பாறை. நாம் லால்பாக்கில் ஏறி உட்கார்ந்து கடலைக்காய் தின்றோமே, அதே ஜாதி. 300 கோடி வருஷத்துப் பழசாம். முதலில் பிரேக்கர் வைத்துக் கொத்திப் பார்த்தார்கள். வேலை ஓடவில்லை. அப்புறம் வெடி.

முதல் நாள் மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஷெல்ஃபில் இருந்த டபராக்கள் கலகலவென்றன. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். ஓடி நின்ற பிறகுதான் உறைத்தது, என் கண் சுரங்க ஷாஃப்டைத் தேடுகிறது என்று. கோலார் தங்கவயலில், நம் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் வந்தால் நம் அம்மாக்கள் ஓடுவார்களே, அதே ஓட்டம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும், மேலே தொழிலாளர் லைன் வீட்டில் பாத்திரம் உருளும். அன்றைக்குச் சுவரை யார் பார்த்தார்கள்? எந்த ஷிப்ட் கீழே இருக்கிறது என்பதுதான் பேச்சு.

இப்போது சொந்த வீடு, புத்தியும் மாறிவிட்டது. அன்று சாயங்காலமே டார்ச்சோடு சுவர் சுவராகத் தேடி, ஹால் ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் ஒரு விரிசலைப் பிடித்துவிட்டேன். நேரே சைட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். மறுநாள் ஒரு இன்ஜினியர் பையன் வந்தான், தர்மபுரிக்காரன். விரிசலுக்குள் டார்ச் அடித்து, "அங்கிள், உள்ளே பெயின்ட் போயிருக்கு பாருங்க" என்றான். பெரியவள் கல்யாணத்துக்கு அடித்த பெயின்ட்! விரிசல் அதற்கும் மூத்தது. சமையலறையில் உன் தங்கச்சி சிரித்த சிரிப்பு எனக்கு வேண்டியதுதான்.

பையன் பொறுமைசாலி. காபி குடித்துக்கொண்டே விளக்கினான். தரை அதிரும் வேகத்தை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் போட்ட அட்டவணைதான் அவன் கையில் இருந்தது. சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு எட்டு ஆட்டத்துக்கும் குறைவாக இருந்தால் 5 மில்லிமீட்டர், 25 வரை 10, அதற்கு மேலே 15. மெதுவான ஆட்டத்துக்கு ஏன் அவ்வளவு கெடுபிடி என்றேன். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் எப்படி உயரும், வீடும் அப்படித்தான் என்றான். ஒன்றிரண்டு மாடி வீட்டின் தாளம் அந்த மெதுவான பக்கத்தில்தான் இருக்கிறதாம்.

எங்கள் வாசற்படி ஓரம் மண்ணில் கருவியைப் பதித்து, மேலே மணல் மூட்டை வைத்து அளந்தான். 2.8 மில்லிமீட்டர்தான் காட்டியது, 30 ஹெர்ட்ஸுக்கு மேலே. நம் உடம்புக்கு ஒரு மில்லிமீட்டர் அதிர்வே பெரிதாகத் தெரியும், வீடு விழுந்த மாதிரி பதறுவோம். ஜன்னல் கண்ணாடி கடகடப்பது பல நேரம் தரையாலேயே இல்லை, காற்றில் வரும் அழுத்தத்தால்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது டிலே சமாச்சாரம். மொத்தம் எத்தனை கிலோ என்பதைவிட, ஒரே சமயத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்பதுதான் கணக்கு. நாலு கிலோ ஒன்றாக வெடித்தால் 60 மீட்டரில் வரும் ஆட்டம், ஒரு கிலோ வெடித்தால் 30 மீட்டரில் வரும். அதனால் வெடி வைத்த துளைக்குத் துளை சில மில்லிசெகண்ட் தள்ளித் தள்ளி வெடிக்க விடுகிறார்கள். நம் காதுக்கு ஒரே சத்தம்தான்.

ஆனால் அவர்களையும் நான் சும்மா விடவில்லை. ஹால் விரிசல் பழசு, சரி. காம்பவுண்டுச் சுவரில் குழிக்கு இணையாக ஓடுகிறதே ஒன்று, அது புத்தம் புதுசு. உள்ளே பெயின்டும் இல்லை, ஒட்டடையும் இல்லை. வெடி போடாத வாரத்திலும் அது நீண்டது. அதற்குக் காரணம் குழிதான். பக்கத்து மண்ணுக்குப் பிடிமானம் போய்விட்டது, இராப்பகலாக மோட்டார் வைத்துத் தண்ணீரையும் இறைக்கிறார்கள். எல்லாரும் வெடியையே திட்டிக்கொண்டிருந்ததில் இதை யாரும் கேட்கவில்லை. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தேன், குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டையும் ஒட்டினேன். ஒன்பதாம் நாள் கண்ணாடி இரண்டாகப் போயிற்று. அதைக் காட்டிய பிறகுதான் குழி ஓரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கடைசி ஆறு மீட்டருக்கு வெடியே வேண்டாம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு கலந்த ஒரு பவுடரைக் கரைத்துத் துளையில் ஊற்றுகிறார்கள். இரவெல்லாம் அது ஊதி, காலையில் பாறை சத்தமில்லாமல் பிளந்து கிடக்கிறது.

உன் அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுது. எவ்வளவு தள்ளி வெடிக்க வேண்டும் என்பதற்கு டிலே நம்பர் உண்டே, கீழே அவர் தோட்டா வைத்த காலத்தில் அது எத்தனை வரை இருந்தது? அந்தப் பையன் கேட்கிறான். பழைய மைன்ஸ்காரர் யாரையாவது பார்க்க வேண்டும் என்று ஆசையாம். அடுத்த மாதம் அவரையும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
பழைய பக்கத்து லைன்காரன்